எட்டு நிமிடத்தில் நின்றுபோன லேப்டாப்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மோல்டு கம்பெனியின் மேனேஜர், என் மகளைப் பதினாறு பேருக்கு முன்னால் நிற்க வைத்துத் திட்டினார். மூன்று வாரம் கழித்து, அதே பதினாறு பேருக்கு முன்னால், அதே சாப்பாட்டு நேரத்தில், நான் அவரைத் தலைகுனிய வைத்தேன். இப்படி எழுதும்போது 'திட்டினார்' என்று வருவது பழக்கம்தான். மரியாதை ஒன்றும் கிடையாது.

என் கணவருக்கு ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷின்கள் என் பொறுப்பு. ஒரே மகள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, அந்த மோல்டு கம்பெனியில் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கிற அச்சுகளைக் கம்ப்யூட்டரில் வரைவது அவள் வேலை. வருடம் முடிந்ததும் கையில் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால்தான் வேறு எங்கும் உள்ளே விடுவார்கள்.

அந்த வருடம் முதலாளி சிங்கப்பூர் போய் ஒரு லேப்டாப் வாங்கி வந்தார். அப்போதெல்லாம் எஸ்டேட்டில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. வாடிக்கையாளர் இடத்துக்கே எடுத்துப் போய் அச்சின் படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டலாம் என்பது அவர் ஆசை. அந்தப் படங்களைக் கையாளத் தெரிந்தவள் என் மகள் மட்டும்தான். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. அக்டோபர் நடுவிலிருந்து நிற்க ஆரம்பித்தது. கடிதம் அடித்தால் நாளெல்லாம் ஓடும். பெரிய அச்சின் படத்தைத் திறந்து சுழற்றினால் கொஞ்ச நேரத்தில் மவுஸ் அப்படியே உறைந்துவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. அணைத்துப் போடவேண்டியதுதான்.

ஒரு நாள் அது வாடிக்கையாளர் ஆபீசிலேயே நின்றது. பம்பாயிலிருந்து வந்த மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருக்க, பக்கெட் மூடியின் அச்சு பாதி திரும்பிய நிலையில் திரையில் தொங்கியது. மேனேஜர் அங்கே சிரித்துச் சமாளித்துவிட்டு, திரும்பி வந்ததும் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்த கூடத்துக்கு என் மகளைக் கூப்பிட்டார்.

"வீட்லேர்ந்து ஃபிளாப்பி கொண்டாந்தியா இல்லியா?"

"கொண்டாந்தேன் சார். டிராயிங் சேவ் பண்ண…"

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கறா. வைரஸ். பேப்பர்ல தெனம் போடறான். கேம்ஸ் ஆட ஃபிளாப்பி போட்டு மெஷினையே சாகடிச்சுட்டா. பொம்பளப் பிள்ளைய நம்பி இவ்ளோ பெரிய பொருளக் குடுத்தா இப்டித்தான் ஆவும்."

மறுநாள் முதல் வரவேண்டாம், சர்டிபிகேட்டும் கிடையாது என்றார். பத்து மாதப் பயிற்சி முடிந்திருந்தது. அவள் தன் டிபன் பாக்ஸைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பின் வந்த மூன்று வாரங்களைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. வேறு இரண்டு கம்பெனிகளில் விண்ணப்பித்தாள். இரண்டு இடத்திலும் பழைய கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். "அந்தப் பொண்ணா? மெஷினைக் கெடுத்துட்டுப் போனவ ஆச்சே" என்று பதில் போயிருக்கிறது. அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். குளியலறைக்குள் போனால் வெகுநேரம் வரமாட்டாள். தண்ணீர் விழும் சத்தமும் கேட்காது. ஒரு நாள் அவள் தூங்கும்போது ஸ்க்ரூ டிரைவர் எடுத்து அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினேன். நாலு ஸ்க்ரூ. மூன்றாவதைத் திருப்பும்போது அது தரையில் விழுந்து உருண்டது. அவள் விழித்துக்கொண்டு பார்த்தாள். எதற்கென்று கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. 

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். மோல்டு கம்பெனியில் லேத் ஓட்டுகிற ஒரு டர்னர் என்னைப் பார்த்து வந்தார். கொரட்டூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். மகளை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, உனுக்கு ஒரு மேட்டர் தெரியுமா? அந்தப் பொட்டிய மவுண்ட் ரோடு கம்ப்யூட்டர் கடைக்கு எட்துனு போய் எல்லாத்தையும் அழிச்சு புச்சா போட்டானுங்கோ. வைரஸ் போச்சுன்னு சொல்லிக்கினாரு மேனேஜரு."

"சரி?"

"இன்னா சரி? வந்த அன்னிக்கே மறுபடி நின்னு போச்சு. ரெண்டு வாரமா அப்டித்தான் கீது. பூட்டி பீரோல வெச்சுக்கினாரு. வாயே தொறக்கல."

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. இரண்டு வாரமாக அந்த மனிதருக்குத் தெரியும். என் மகளின் ஃபிளாப்பி காரணமில்லை என்று தெரிந்த பிறகும் போனில் அதையே சொல்லியிருக்கிறார். அந்த பிளாட்பாரத்தில்தான் முடிவு செய்தேன். சர்டிபிகேட் மட்டும் வாங்கி வந்தால் போதாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மகளை உட்கார வைத்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மெஷின் நின்றால் என்ன கேட்கவேண்டும் என்று தெரியும்.

"எப்பப்ப நிக்கும்?"

"விடும்மா."

"எப்பப்ப நிக்கும்னு கேட்டேன்."

ஒரு நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். பழைய லேப் ரெக்கார்டு. கடைசிப் பக்கங்களில், நின்ற ஒவ்வொரு முறையும் நேரம் குறித்திருந்தாள். காலை ஒன்பது மணிக்குப் படத்தைச் சுழற்றத் தொடங்கினால் இருபது நிமிடம் தாங்கியிருக்கிறது. மதியம் எட்டு நிமிடம். அணைத்து அரைமணி ஆறப்போட்டால் மறுபடி பதினைந்து. உடனே போட்டால் மூன்றே நிமிடம். மழை பெய்த ஒரு நாளில் முப்பது நிமிடம் ஓடியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் லைனில் கனமான ஜீன்ஸ் துணி தைக்கும்போது மோட்டார்கள் இப்படித்தான் செய்யும். மெல்லிய துணிக்கு நாளெல்லாம் ஓடும். கனத்த துணி வந்தால் சூடேறி நிற்கும். ஆறினால் ஓடும். மோட்டாரின் காற்றோட்ட ஓட்டைகளில் பஞ்சு அடைத்திருக்கும், அவ்வளவுதான். எந்த வைரஸுக்குக் காலை எது, மதியம் எது என்று தெரியும்?

"இதுக்குக் காத்து போற வழி உண்டா?"

"அடியில துளைங்க இருக்கும்மா. உள்ள சின்னதா ஒரு ஃபேன் ஓடும்."

"எடுத்துத் திருப்பிப் பாத்தியா?"

"திருப்பக் கூடாதுன்னு மேனேஜர் சொன்னாரு."

"எதுக்கு?"

"பூஜை வெச்சது, தானா உதிரணும், கை வைக்கக் கூடாதுன்னு…" அவள் நிறுத்தினாள். "அம்மா, டேபிள்ல தினம் மஞ்சளாத் தூள் கொட்டிக் கிடக்கும். நான் துடைச்சுத் துடைச்சுப் போடுவேன்."

ஆயுத பூஜை! எங்கள் கம்பெனியிலும் நாற்பது மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அங்கே லேத், டிரில்லிங் மெஷின், தராசு, பாத்ரூம் மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள். மேனேஜர்தான் முன்னின்று செய்தாராம். லேப்டாப்பின் மூடி பளபளவென்று இருந்ததால், வாடிக்கையாளர் பார்க்கிற இடத்தில் கறை படக்கூடாது என்று கவிழ்த்துப் போட்டு அடியில் பூசியிருக்கிறார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அள்ளி, மூன்று இடத்தில், கையளவு. பூஜையில் வைத்த பொருளைத் தொடாமல் ஒரு நாள் விடுவது வழக்கம். அதற்குள் அது சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். மவுண்ட் ரோட்டில் பார்த்தவர்களும் பூஜை வைத்தது என்று தொடாமல் விட்டிருப்பார்கள்.

"மொதலாளிக்குப் போன் பண்ணும்மா" என்றாள். மூன்று வாரத்தில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

முதலாளி அன்று ஆபீசில்தான் இருந்தார். மேனேஜர் கோயம்புத்தூர் போகிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்று ஸ்டேஷனில் டர்னர் சொல்லியிருந்தார். நான் போன் பண்ணவில்லை. அவர் இல்லாத நேரத்தில் விஷயம் முடிந்துவிடக் கூடாது. மகளை இன்னும் மூன்று நாள் அப்படியே காக்க வைத்தேன். அது தப்பு என்று தெரியும். தெரிந்தே செய்தேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு மகளோடு போனேன். முதலாளியிடம், லேப்டாப்பைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துக் காட்டவேண்டும் என்றேன்.

"நீங்க இன்ஜினியராம்மா?"

"தையல் கம்பெனி சூப்பர்வைசர் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மகள் நோட்டை நீட்டினாள். இரண்டு பக்கம் புரட்டியவர், பீரோ சாவியைக் கேட்டார். மேனேஜர், "சார், இதுங்க பேச்சைக் கேட்டு…" என்று ஆரம்பித்தார். "சாவி" என்றார் முதலாளி மறுபடி.

கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மகள் பக்கெட் மூடிப் படத்தைத் திறந்து சுழல விட்டாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "எட்டு நிமிஷம். கூட ஒண்ணு கொறய ஒண்ணு" என்றேன். யாரும் சாப்பிடவில்லை. ஏழு நிமிடம் தாண்டியதும் படம் நின்றது. "அதான் சொன்னேனே, வைரஸ்" என்றார் மேனேஜர்.

நான் லேப்டாப்பை அணைக்கச் சொல்லி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கவிழ்த்தேன். அடிப்பாகம் முழுக்க மஞ்சள் பாளம். நடுவில் குங்குமம். துளை இருந்த தடமே இல்லை.

டிபன் பாக்ஸ்களை விட்டுவிட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு டர்னர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, நெத்தியில வெக்கச் சொன்னா மூக்குல வெச்சு அடச்சுக்கினே! மூச்சு எப்டி உடும் பாவம்?"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. முதலாளிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேக்கிங் பெண் ஒருத்தி, "வைரஸுக்கே பொட்டு வெச்சவரு எங்க சாரு" என்றாள். என் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி மேனேஜரிடம் நீட்டினேன்.

"நீங்க வெச்சது. நீங்களே எடுங்க."

"நான் எதுக்கும்மா…"

"எடுய்யா" என்றார் முதலாளி.

அவர் எடுத்தார். ஒவ்வொரு துளையாக, வியர்க்க வியர்க்க. நான் பக்கத்திலேயே நின்று, "அங்க இன்னும் ஒண்ணு இருக்கு" என்று காட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு துளை. ஒன்றைக்கூட விட்டுத்தரவில்லை. கடைசியில் ஊதித் துடைத்து நிமிர்த்தி வைத்தோம். படம் சுழன்றது. எட்டு நிமிடம், இருபது, நாற்பது. சாப்பாட்டு மணி முடிந்தும் ஒருவரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

வாய்க்குள் ஏதோ முனகினார்.

"அன்னிக்கு இவ்ளோ மெதுவாவா பேசினீங்க?"

கேட்டார். கூடத்தின் கடைசி வரை கேட்கிற மாதிரி.

சர்டிபிகேட்டை அந்த லேப்டாப்பிலேயே அடிக்கச் சொன்னேன். மேனேஜர் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று சொல்ல ஆரம்பித்தேன். இவர் லேப்டாப்பின் அடியில் சந்தனம் பூசி அடைத்தார், பழியை இந்தப் பெண்மேல் போட்டார், உண்மை தெரிந்தும் இரண்டு வாரம் மறைத்தார், போனில் பொய் சொன்னார். ஒவ்வொரு வரியாக அவர் கையாலேயே அடித்து, கீழே அவர் கையெழுத்தும் வேண்டும் என்றேன். இரண்டாவது வரி வரை வந்தது. அவர் விசை தட்டும் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனித்தது.

"அம்மா, போதும்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

"இதைக் கொண்டுபோய் நான் எங்க காட்டுவேன்? படிச்சுட்டுச் சிரிப்பாங்கம்மா. யார்கூடவோ சண்டை போட்டு வந்தவன்னு உள்ளயே விடமாட்டாங்க." மேனேஜரிடம் திரும்பினாள். "சார், அதை அழிச்சுடுங்க. நான் சொல்றேன்."

நாலு வரி சொன்னாள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்னென்ன அச்சுகள் வரைந்தாள், லேப்டாப் நிற்பதற்கான காரணம் இவள் குறித்து வைத்த விவரங்களால் கண்டுபிடிக்கப்பட்டது, நடத்தை நன்று. தன் இனிஷியலை அவர் தப்பாக அடித்திருந்ததைத் திருத்தச் சொன்னாள். முதலாளி கையெழுத்துப் போட்டார். மிச்சப் பயிற்சியை இங்கேயே முடிக்கலாமே என்றார். வேண்டாம் சார் என்றாள். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் அடுத்த மாதம் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். மேனேஜரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவரு கெடக்கறாரு, விடும்மா" என்கிறாள்.

எனக்கு அப்படி முடியவில்லை. அவள் அழிக்கச் சொன்ன அந்த இரண்டு வரியும், அடிக்காமலே போன மற்ற வரிகளும் எனக்கு மறக்கவில்லை. அவற்றைத்தான் இப்போது இங்கே எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை. மகள் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். போடாவிட்டால் என்ன, எஸ்டேட்டில் அந்தத் தெருவில் வேலை செய்கிறவர்கள் படித்தால் யாரென்று தெரிந்துகொள்வார்கள்.