ஹியூபேட்டின் ஒற்றைக் கோடு

நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாத மனிதன் கொட்டாஞ்சேனையில் ஒருவன் இருந்தான் என்றால் அது ஹியூபேட்தான். உட்கார்ந்தால் கால் ஆடும். காலை நிறுத்தினால் விரல் மேசையில் தட்டும். ஆமியில் ஒன்பது வருடம் வெறும் சிப்பாயாக இருந்தவனுக்கு முப்பத்தொரு வயதில் சட்டைக் கையில் ஒரு கோடு கிடைத்தது. லான்ஸ் கோப்ரல்! இனியாவது இந்த ஆட்டம் நிற்கும் என்று மனைவி மேபல் நினைத்தாள். எங்கே நின்றது? இரட்டிப்பாகியது.

அந்தக் கோட்டை ஊருக்கு விளங்கப்படுத்துவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மேபல் தண்ணீர்க் குழாயடியில் "இவர் இப்ப ஒபிசர்" என்று வாயை விட்டுவிட்டாள். மறுநாளே பக்கத்து வீட்டு றோஸி தன் தம்பிக்கு ஆமியில் வேலை கேட்டு, ஒரு டசின் முட்டையோடு வாசலில் நிற்கிறாள்.

"அக்கா, முட்டையைக் கொண்டு போங்க," என்றான் ஹியூபேட். "தோளில நட்சத்திரம் இருந்தாத்தான் ஒபிசர். எனக்குக் கையில ஒரு கோடு. ரெண்டு கோடு கோப்ரல், மூண்டு கோடு சார்ஜன்ட். நான் எட்டுப் பேருக்கு மேல, மிச்ச எல்லாருக்கும் கீழ."

"அப்ப அந்த எட்டில ஒண்டா என்ட தம்பியைப் போடுங்களேன்," என்றாள் றோஸி, முட்டையை இறக்கி வைத்துக்கொண்டே.

அவன் றோஸியிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு கோடு வந்துவிட்டால் அது பதவி. அதைப் பறிக்க விசாரணை, கடுதாசி என்று ஆயிரம் வேண்டும். ஒற்றைக் கோடு அப்படியல்ல. கட்டளை அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடத்திலேயே பிளேடு போட்டுப் பிரித்துவிடுவார்கள். இரண்டாவது கோடு வந்தால் முகாமில் குடும்பத்தோடு இருக்க வீடு கிடைக்கும். ஆறு வருடமாக அவனும் மேபலும் அவளுடைய அண்ணன் ஒஸ்வால்டின் வீட்டில், நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள். ஒஸ்வால்ட் இருமினால் இவர்களுக்கு விழிப்பு வரும். அந்த இரண்டாவது கோட்டை நினைத்துத்தான் அவன் கால் ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்?

முகாமிலும் நிம்மதி இல்லை. நேற்றுவரை "ஹியூபேட் அய்யே" என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லித் தோளில் கைபோட்டவர்கள் இப்போது விறைத்து நின்று "கோப்ரல்" என்றார்கள். லான்ஸ் என்றாலும் அப்படிக் கூப்பிடுவதுதான் முறை. சாப்பாட்டு மேசையில் அவன் போய் உட்கார்ந்தால் பேச்சு அடங்கிவிடும். இரண்டு கோட்டுக்காரர்களோ அவனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. குழுவில் இளையவன் சிறிபால மட்டும் சிலநேரம் வாய்தவறி "அய்யே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடிப்பான். அந்த ஒரு சொல்லுக்கு ஹியூபேட் எவ்வளவு ஏங்கினான் என்று சிறிபாலவுக்குத் தெரியாது.

இப்படி நாலு மாதம் போனபோது துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தது. கப்பல்கள் வரிசையாக நின்றன. ஊருக்குள் மாவுக்குத் தட்டுப்பாடு. மூட்டை இறக்க ஆமியை அனுப்பினார்கள். ஒஸ்வால்ட் யார்? பதினெட்டு வருடம் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் விஞ்ச் இயந்திரம் ஓட்டியவன், வேலைநிறுத்தக்காரரில் முதல் ஆள்.

"போ, போய் எங்கட சோத்தில மண்ணைப் போடு," என்றான் ஒஸ்வால்ட்.

"மச்சான், நான் கேட்டா போறன்? ஓடர்!"

"ஓம், ஓடர்தான். கோடு போட்ட ஆளல்லோ."

அதன்பிறகு ஒஸ்வால்ட் அவனோடு கதைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரு சேலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இரண்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்! மேபல் இருவருக்கும் நடுவில் சோற்றுத் தட்டோடு அலைந்தாள்.

கப்பலில் ஹியூபேட்டின் எட்டுப் பேரும் அடித்தளத்தில் நின்று மூட்டைகளைக் கயிற்றால் பின்னிய சிலிங் வலையில் அடுக்க வேண்டும். மேல்தட்டில் நிற்கும் ஹியூபேட் கையை உயர்த்தினால்தான் விஞ்ச் தூக்கும். ஒரு சிலிங்குக்குப் பன்னிரண்டு மூட்டை. இதை அவனுக்கு ஆமி சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு வருடமாக இராச்சாப்பாட்டில் ஒஸ்வால்ட் புலம்பிய புலம்பலில் காதில் விழுந்தது. "பன்னிரண்டுக்கு மேல போடச் சொல்லுவாங்கள். போட்டா கயிறு ஒண்டும் சொல்லாது, ஒருநாள் அறுந்து போகும்."

மூன்றாம் நாள் மத்தியானம் சார்ஜன்ட் றேமண்ட் வந்தார். கெட்ட மனுசன் இல்லை. பின்னேரத்துக்குள் கப்பலைக் காலிசெய்யச் சொல்லி மேலிடத்தில் அவரைப் பிய்த்து எடுத்திருந்தார்கள்.

"இருபது போடு," என்றார்.

"சேர், இந்தக் கயிறு தாங்காது."

"உன்னிடம் கயிற்றைப் பற்றிக் கேட்டேனா?"

இருபது மூட்டை ஏறியது. கயிற்றின் ஓரம் நார்நாராகப் பிரிந்திருப்பதை ஹியூபேட் பார்த்தான். கீழே சிறிபாலவும் மற்றவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஞ்ச்காரச் சிப்பாய் இவன் கையைப் பார்த்தான். சார்ஜன்ட்டும் இவன் கையைப் பார்த்தார். கையில்தானே அந்தக் கோடு இருந்தது! வீடு, மேபல், தொங்கும் சேலை எல்லாம் ஒரு கணம் கண்முன்னால் வந்தன. அவன் கை உயரவில்லை.

"எட்டு மூட்டையை இறக்குங்கடா," என்று கீழே சிங்களத்தில் கத்தினான்.

அவ்வளவுதான். கயிறு அறுந்திருக்குமா, தாங்கியிருக்குமா? யாருக்குத் தெரியும்? நடக்காத விபத்துக்குச் சாட்சி ஏது! நடந்தது ஒன்றுதான்: எல்லோர் முன்னாலும் சார்ஜன்ட்டின் கட்டளையை ஒரு லான்ஸ் கோப்ரல் மறுத்திருந்தான். அன்று பின்னேரமே தொப்பியைக் கழற்றச் சொல்லி, லெப்ட் ரைட் என்று கட்டளை அதிகாரியின் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது அவன் வெறும் சிப்பாய்.

வீட்டுக்கு வந்தபோது மேபல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையைத்தான் பார்த்தாள். கோடு இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருமையாகத் தெரிந்தது.

"ஐயோ, என்ன செய்துபோட்டு வந்திருக்கிறீங்க?"

அவன் சொன்னான். சேலைக்கு அந்தப்பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"எத்தினை போட்டவங்கள்?" ஒஸ்வால்டின் குரல். நாலு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"இருபது."

"விட்டிருக்கலாமே," என்றான் ஒஸ்வால்ட். "அறுந்திருந்தா நாளைக்கே எங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருப்பாங்கள்."

"கீழ என்ட பொடியன்மார் நிண்டவங்கள், மச்சான்."

மேபல் வாய்விட்டு அழுதாள். "அப்ப எனக்கு வீடு?" என்று கேட்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆறு வருடம் சேலைக்குப் பின்னால் இருந்தவள் அவள்தானே. விடியும்வரை ஹியூபேட் வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தான்.

காலையில் அதே கப்பல். கோடு இப்போது சிறிபாலவின் கையில். தைத்த நூல்கூட இன்னும் வெட்டப்படவில்லை. ஹியூபேட் மற்ற ஏழு பேரோடும் அடித்தளத்தில், சிலிங்குக்கு நேர்கீழே நின்றான். மேலே சார்ஜன்ட் றேமண்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நேற்றுச் சொன்ன இருபதை அவர் திரும்பப் பெறவில்லை.

சிறிபால கையை உயர்த்தவில்லை. விளிம்புக்கு வந்து, சார்ஜன்ட்டுக்குக் கேட்கும்படியாகவே கீழே குனிந்து கூப்பிட்டான்.

"கோனி கீயத, அய்யே?"

எத்தனை மூட்டை என்று கேட்கிறான். கேட்பது கோடு போட்டவன். கேட்கப்படுவது கோடு இழந்தவன். எட்டு முகமும் ஹியூபேட்டைப் பார்த்தன. அவன் மேலே சார்ஜன்ட்டைப் பார்த்தான். சார்ஜன்ட் றேமண்ட் மெதுவாகத் திரும்பி, கடலைப் பார்த்துக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார்.

"பன்னிரண்டு," என்றான் ஹியூபேட்.

அதற்குப் பிறகும் பதின்மூன்று வருடம் ஆமியில் இருந்தான். சிப்பாயாகவே வெளியே வந்தான். அந்த வீட்டில் அந்தச் சேலையும் கடைசிவரை தொங்கியது.