கன்னி மூலையை விட்டு நகர்ந்த ஊஃபர்

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்த அன்றே, அதில் கனத்த சத்தம் தரும் ஊஃபர் பெட்டிக்கு இடம் குறித்தவர் என் மனைவியின் அண்ணன். அரியலூர்க்காரர். "கனமான சாமான் கன்னி மூலையிலதான் இருக்கணும் மாப்ள" என்று கூடத்தின் தென்மேற்கு மூலையில், சுவரோடு சுவராக ஒட்டி வைத்துவிட்டுப் போனார். பீரோவையும் நெல் மூட்டையையும் அங்கேதானே வைக்கிறோம் என்று நானும் தலையாட்டினேன்.

சினிமா பார்க்க நான் அதை வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முருகன் பாட்டையும் அதற்குப் பின்னால் வரும் தவிலையும் சன்னிதியில் நின்று கேட்பதுபோல் வீட்டில் கேட்க வேண்டும். அதுதான் ஆசை. ஆனால் வந்தது தவில் இல்லை, ஒரே கும்மென்ற இரைச்சல். ஓர் அடி அடங்கும் முன்னே அடுத்த அடி அதன்மேல் விழுந்தது. சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கின.

"பாட்டுல சாமி பேரே காதுல விழலைங்க. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள அடங்கலைன்னா, இத எங்கண்ணன் வூட்டுக்கே அனுப்பிடுவேன்" என்றாள் மனைவி. சாமி பேர் விழவில்லை என்றது எனக்குச் சுருக்கென்றது.

பெரம்பலூரில் ஒரு ரிப்பேர் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "மூலையிலயா வச்சீங்க? ரெண்டு செவுரும் சேந்து சத்தத்த ஊதிவிடும். நீங்க உக்கார்ற எடத்துல பெட்டிய வச்சுப் பாட்டப் போடுங்க. செவுத்தோரமா முட்டி போட்டுப் போய்க் கேளுங்க. எங்க ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுதோ, அங்க பெட்டிய வைங்க" என்றார்.

வியாழக்கிழமை ஊஃபரை என் நாற்காலியில் ஏற்றிவிட்டு, தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். மச்சான் உள்ளே வந்தார்.

"என்ன மாப்ள, வூட்டுக்குள்ளயே அங்கப்பிரதட்சணமா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நிறுத்தவில்லை. மூலைக்குப் போனால் இரைச்சல், கதவோரம் ஒன்றுமே இல்லை. வடக்குச் சுவரில், சாமி படத்துக்குக் கீழே வந்தபோது தவில் அடி அடியாக விழுந்தது. பெட்டியை அங்கே கொண்டுபோய், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

மச்சானுக்குச் சிரிப்பு போய்விட்டது. "கன்னி மூலைய காலியா வுடாத. குடும்பத்துக்கு ஆவாது."

"வருஷம் தவறாமக் காவடி எடுக்கறேன் மச்சான். மூலையில ஒரு பெட்டி இல்லைன்னு எம்முருகன் எங்களக் கைவுட்ருவாரா?"

"சொன்னாக் கேளு."

"மாட்டேன். வூடு என்னுது."

அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. பெட்டியைப் பிடித்த பிடியை விடவில்லை. அவர் காபி குடிக்காமல் கிளம்பினார்.

மறுநாள் காலை விளக்கேற்றிவிட்டுப் பாட்டைப் போட்டேன். சத்தத்தைக் குறைக்கவில்லை. மனைவி முதலில் சமையலறைத் தட்டுகளைப் பார்த்தாள், அவை அசையவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் சாமி படத்துக்குப் பொட்டு வைத்தாள். விரலில் மிஞ்சிய குங்குமத்தைக் குனிந்து ஊஃபருக்கு வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

கன்னி மூலை இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. மச்சான் வரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.