ஒன்பதாம் நம்பர் நீல ஜேர்சி

கால்பந்து என்று வந்தால் எனக்குக் கண்ணாடி தேவையில்லை என்று வீம்பு பேசுகிறவள் நான். அந்த வீம்புதான் உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வைத்தது.

எங்கள் கொட்டாஞ்சேனைக் கழகத்தின் ஒன்பதாம் நம்பர் போன வருடம் காலமானார். நான் வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்ட பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவள். வீட்டில் திட்டு வாங்கியும் போனேன். அவர் பந்தோடு ஓடத் தொடங்கினால் சந்தை, சமையல், மாமியார் எல்லாமே மறந்துபோகும்.

செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போனபோது அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னைக் குசினிக்குள், அடுப்படிக்கு இழுத்துப் போனார். இறுதியாட்டத்தில் அவர் போட்ட நீல ஜேர்சியைச் சவப்பெட்டிக்குள் வைக்க ஆசைப்பட்டிருக்கிறார். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

"நான்தான் எங்கயோ துலைச்சிட்டன் பிள்ளை. கேட்டா மனுசன் சிரிப்பார், ஒண்டும் சொல்லமாட்டார். கடைசியில அவரை வெறும் சேட்டோட அனுப்பிட்டன்."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வேகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கழகம் அவருக்காக வைக்கும் நினைவாட்டம் அன்று மைதானத்தில் பெரிய பிளெக்ஸ் கட்டுவோம், அதில் அவரை அந்த ஜேர்சியோடேயே பார்க்கலாம் என்று.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம். மழையில் நடந்த அந்த இறுதியாட்டம் முடிந்ததும் யாரோ எடுத்தது. நான் அப்போது பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தேன். இரண்டு அணியும் கட்டிப்பிடித்தபடி நிற்க, எல்லோர் முகத்திலும் சேறு. பிளெக்ஸ் கடைக்காரருக்குப் படத்தை அனுப்பி, நெஞ்சில் ஒன்பது போட்ட நீல ஜேர்சிக்காரரை மட்டும் வெட்டியெடுத்து, சேற்றைத் துடைத்து அழகாக்கச் சொன்னேன். அவர் செய்து அனுப்பியதைப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனில் பார்த்தேன். ஒன்பது தெரிந்தது. சரி என்று பெருவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு நம்பர்தானே முகம்.

அன்றைக்குப் பப்பரே பேண்ட்காரர்கள் ஊதிய ஊதலில் காது கிழிந்தது. பிளெக்ஸை விரித்துக் கட்டினார்கள், மைதானமே எழுந்து நின்றது. நடுவர் விசிலடித்து ஒரு நிமிட மௌனம் என்றார். நான் பயபக்தியோடு தலையைக் குனிந்தேன். அக்கா என் கையைக் கிள்ளினார்.

"பிள்ளை, இது ஆர்?"

கைப்பையைக் கிளறிக் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். ஜேர்சி எங்களுடையது. ஒன்பது எங்களுடையது. சேறு துடைத்த முகம் மட்டும் முகத்துவாரக் கழகத்து எதிரணிக் கெப்டனுடையது. நான் வாழ்நாள் முழுக்கத் திட்டித் தீர்த்த முகம். அது போதாதென்று அந்த மனிதரே, கையில் ஒரு ஷொப்பிங் பையோடு, எங்கள் வரிசையில் வந்து நின்று தன் கண்ணீர் அஞ்சலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி," என்றார் மௌனத்தைக் கெடுக்காத குரலில், "நான் காலையில இடியப்பம் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

வாயைப் பொத்தினேன். சிரிப்பு மூக்கால் வந்தது. பின்வரிசைக்கும் அது தொற்றி, நிமிடம் முடிவதற்குள் எங்கள் பக்கம் முழுக்கத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், நான் செத்தேன்.

விசில் அடித்ததும் அவர் பையைத் திறந்தார். தோய்த்து மடித்த நீல ஜேர்சி.

"அண்டைக்கு மேட்ச் முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் ஜேர்சியை மாத்திப் போட்டோம் அக்கா. செத்த வீட்டுக்கு வரக் கிடைக்கல்ல. இது உங்ககிட்ட இருக்கவேண்டியது."

அக்கா கொலரைப் புரட்டினார். கிழிந்த இடத்தில் கறுப்பு நூல் ஓடியிருந்தது. "என்ர தையல்தான்," என்றார். கண் நிரம்பிவிட்டது.

"வருஷா வருஷம் அவர் இதைத் திருப்பிக் கேப்பார். என்னோட சிவப்பு ஜேர்சியைக் குடுங்க, தாறேன்னு சொல்வேன். தொலைஞ்சுட்டுதுன்னு சிரிப்பார். எங்க போட்டாரோ."

அக்காவின் முகம் மாறியது. "சிவப்போ? கையில வெள்ளைக் கோடு போட்டதோ?"

"அதேதான்."

"ஐயோ, அதாலதானே நான் வீடு துடைச்சனான்."

முதலில் சிரித்தது அந்தக் கெப்டன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிளெக்ஸைத் தனக்கே தரச் சொன்னார், பெயரை மாற்றினால், நாளைக்குத் தான் போய்ச் சேரும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை குறையுமாம். அக்கா சிரித்துச் சிரித்து நடுவிலேயே அழத் தொடங்கினார்.

"நீலம் எங்க எண்டு சொன்னா சிவப்பையும் சொல்லவேணும். நான் கூசிப்போவன் எண்டு, கடைசிவரைக்கும் வாயே திறக்கயில்லை மனுசன்."

பிறகு கண்ணைத் துடைத்து, ஜேர்சியை உதறி, சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் முன்கள வீரன் வெறும் கோலுக்கு முன்னால் பந்தை வானத்துக்கு அடித்தான். அன்று மைதானத்தில் எல்லோருக்கும் முதல் எழும்பி நின்று அவனைத் திட்டியது ஒன்பதாம் நம்பர்தான்.