பேச்சியம்மாவின் நிரையில்

இலங்கையின் டயகம தேயிலைத் தோட்டத்தில் 1938 முதல் 1964 வரை கொழுந்து பறித்த வியாகுலம், தனக்கு ஒதுக்கிய தேயிலை நிரையை முடித்ததும் இளைப்பாறமாட்டார். பின்தங்கியவரின் நிரையில் இறங்கி, அவர் கூடையை நிரப்புவார். கிறிஸ்தவரான அவர் யாரிடமும் வேதம் பேசியதில்லை. நாளடைவில் மற்றப் பெண்களும் அவ்வாறே செய்யலாயினர்.

எப்போதும் முதலில் முடிக்கும் அழகம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. முன்பெல்லாம் அவரது வேகத்தையே அனைவரும் வியந்தனர். 1956இல் ஒருநாள், அவர் முடித்துத் திரும்பியபோது பாராட்ட ஒருவருமில்லை; எல்லோரும் கர்ப்பிணியான பேச்சியம்மாவின் நிரையில் நின்றனர்.

"ஏன்டி, அந்த வேதக்காரி ஒங்களுக்கு என்னா மருந்து வச்சா?" என்று கத்தினார்.

"வாங்கக்கா, எடம் இருக்கு," என்றார் வியாகுலம்.

அழகம்மா விடுவிடுவென்று இறங்கினார். "தள்ளு! பாதிக் கொழுந்த விட்டுட்டுப் போற. நான் பறிக்கிறதப் பாரு!"

வியாகுலத்தை வென்றே தீரவேண்டுமென்ற அவரது வேகத்தில், பேச்சியம்மாவின் கூடை அன்று நிரம்பி வழிந்தது.