ஊதுபத்தியோடு வரும் மெக்கானிக்

வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அப்போதுதான் ஓடி நின்ற வண்டியின் பெல்ட் மூடிமேல் உள்ளங்கையைப் பதித்து, ரூபி வாய்க்குள் எண்ணுகிறார். பத்து வரை கை பொறுத்தால் பெல்ட் சுகமாக இருக்கிறது. ஆறில் கை எழும்பினால் யோசிக்க வேண்டும். மூன்றிலேயே எடுக்க நேர்ந்தால் உள்ளே ரப்பர் வெந்துகொண்டிருக்கிறது. சூடு பார்க்கும் கருவி வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "தோசக்கல்லு காஞ்சிட்டான்னு பாக்க வீட்டுல மீட்டரா வச்சிருக்கிய?"

தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப். கியர் இல்லாத ஸ்கூட்டர்கள்தான் பிழைப்பு. குற்றாலத்தைச் சுற்றியுள்ள விடுதிக்காரர்களும் தோப்புக்காரர்களும் ஏடிவி என்கிற நாலு சக்கர பைக்குகளை வாங்க ஆரம்பித்தபோது, அவற்றுக்கு மெக்கானிக் வர வெளியூரையே நம்பியிருந்தார்கள். பொறுமை இழந்த ஒருவர் தன் வண்டியைக் குட்டியானை லாரியில் ஏற்றி ரூபியிடம் கொண்டுவந்து இறக்கினார். பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் ரூபி சிரித்துவிட்டார். "ஸ்கூட்டியோட பெரியப்பா மவன்லா இது!" இரண்டிலும் ஏற்பாடு ஒன்றுதான். முன்னும் பின்னும் விரிந்து சுருங்கும் தட்டுகள், நடுவே அவற்றைப் பிணைக்கும் ரப்பர் பெல்ட். அன்று தொடங்கி இந்த வட்டாரத்து ஏடிவி எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன.

ரூபி ஸ்பானர் பிடித்து வளர்ந்தவர் அல்ல. ஸ்கூட்டர் ஷோரூம் ஒன்றில், வருகிறவர்கள் சொல்லும் புகாரைத் தாளில் எழுதிக்கொள்ளும் வேலை. ஏழு வருஷம் எழுதினார். "இழுவை இல்ல", "ஏத்தத்துல முக்குது", "நாயி உறுமுத மாதிரி இருக்கு". சாயங்காலம் வண்டி திரும்பிப் போகும்போது, உள்ளே உண்மையில் எது கெட்டிருந்தது என்று மெக்கானிக்குகளைக் குடைந்து கேட்டு, புகாருக்குப் பக்கத்திலேயே அதையும் குறித்து வைத்தார். போகப் போக, மூடியைத் திறக்கும் முன்பே இவர் சொல்வது சரியாக இருந்தது. அதற்கப்புறம் மேஜைக்குப் பின்னால் உட்காரப் பிடிக்கவில்லை.

இன்றும் ஸ்பானருக்கு முன்னால் நோட்டைத்தான் எடுக்கிறார். "பெல்ட்ட மாத்திருங்க" என்று யாராவது சொன்னால் பேனா நகராது. "அது வைத்தியம். நோவச் சொல்லுங்க" என்பார். சரிசெய்த வண்டியை அவர் ஓட்டிப் பார்ப்பதும் கிடையாது. தினமும் ஓட்டுகிறவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். "நான் ஓட்டுனா எந்த வண்டியும் பயந்துட்டு ஒழுங்கா ஓடும்லா" என்பது அவர் கட்சி. கணவர் பெலிக்ஸ் அரசுப் பேருந்து ஓட்டுநர். கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் அவருக்கு உண்டென்று யாரோ ரூபியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்று வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர், இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொள்கிறார்.

இந்த ஆடியில் வடகரைக்கு மேலே, மலையடிவாரத்தில் நம்பிராஜனின் தென்னந்தோப்புக்கு ரூபி போக வேண்டி வந்தது. நம்பிராஜன் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். டிராக்டர் ஏறாத கல் சரிவில் உரம் ஏற்றவும் தேங்காய் இறக்கவும் ஏடிவி வாங்கியிருந்தார். அதை ஓட்டுபவர் சொரிமுத்து, அந்தத் தோப்பிலேயே பன்னிரண்டு வருஷமாக இருப்பவர். சாரல் தொடங்கி ஐம்பது நாளுக்குள் மூன்று பெல்ட் கருகிவிட்டது. நம்பிராஜன் வழக்கம்போல் விசாரணைக்கு முன்பே குற்றவாளியைப் பிடித்துவிட்டார். வண்டிச் சாவி அவருடைய வேட்டி மடிப்புக்குப் போயிற்று. உர மூட்டை சொரிமுத்துவின் தலைக்கு ஏறிற்று. ரூபி வந்து இறங்கியபோதுகூட அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே, இப்ப மாட்டுதது நாலாவது பெல்ட்டு. இதுவும் போச்சுன்னா நீ வேற தோப்பு பாத்துக்க."

ஐம்பது வயதுக்கு மேல் எந்தத் தோப்பில் போய் நிற்பது என்ற கவலை சொரிமுத்துவின் முகத்திலேயே எழுதியிருந்தது.

ரூபி நோட்டைத் திறந்தார். நம்பிராஜன் முந்திக்கொண்டார். "நான் சொல்லுதேன், எழுதும்மா. ஏத்தத்துக்கான லோ கியர் போடாம மூடைய ஏத்திக்கிட்டு, வண்டி நகராம நிக்கயில முறுக்குதான்."

"அண்ணாச்சி, நோவு பட்டவுகதான சொல்லணும்? அண்ணே, நீங்க சொல்லுங்க."

சொரிமுத்து முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "லோ கியர்லதாம்மா ஏத்துவேன். பாதி ஏத்தத்துல ரப்பரு கருகுத மாதிரி ஒரு வாட வரும். நிப்பாட்டி ஆறப் போட்டுத்தான் எடுப்பேன். ஆறப் போடுததுக்கும் ஐயா ஏசுவாவ."

ரூபி ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். பிறகு கருகிய பெல்ட்டுகளைக் கேட்டார். நல்லவேளை, சொரிமுத்து மூன்றையும் தூக்கிப் போடாமல் பம்புசெட் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ரூபி ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, சோற்றுக்கு அரிசியில் கல் பார்க்கிற நிதானத்தோடு கட்டைவிரலால் சுற்று முழுவதும் தடவினார். அளவுகோலை வைத்து நாலு இடத்தில் அகலம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. வண்டி நகராம நிக்கும்போது முறுக்குனா, பெல்ட்டு ஒரே எடத்துலதான் உரசும். அந்த எடம் மட்டும் இடுப்பு சிறுத்த மாதிரி தேஞ்சிருக்கும். அது ஓட்டுதவரு தப்பு. இத தடவிப் பாருங்க. சுத்திலும் ஒண்ணுபோல கருகி, கண்ணாடி மாதிரி மினுங்குது. இது முறுக்குனதால வந்ததில்ல."

"அப்ப கம்பெனிக்காரன் தப்பா?"

"தெரியல. பாப்போம்." தெரியாததைத் தெரியாது என்று சட்டென்று சொல்லிவிடுவது ரூபியிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

கிளட்ச் தட்டுகளைத் துடைத்தார். எண்ணெய்ப் பசை இல்லை, கீறல் இல்லை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார், குறை இல்லை. புது பெல்ட்டை அதன் அம்புக்குறி பார்த்து மாட்டி மூடினார். அப்புறம் பையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை உருவிப் பற்றவைத்தார்.

நம்பிராஜன் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பினார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் வண்டிக்குப் பத்தி கொளுத்துகிறாளே என்ற வியப்பையும் அவரால் மறைக்க முடியவில்லை.

"சாமிக்கு இல்ல அண்ணாச்சி. காத்துக்கு."

பெல்ட் ஓடுகிற பெட்டிக்கென்று தனியாக ஒரு மூக்கு உண்டு. ஹேண்டில் பாருக்குக் கீழே, பிளாஸ்டிக் பலகை மறைவில் வாய் வைத்த ஒரு குழாய். எஞ்சின் ஓடும்போது அதன் வழியாகக் காற்றை இழுத்துத்தான் பெல்ட் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சாரல் சற்று ஓய்ந்திருந்தது. ரூபி எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, நோட்டால் காற்றை மறைத்துக்கொண்டு, பலகையின் இடுக்கில் ஊதுபத்தியைக் காட்டினார். உள்ளே போக வேண்டிய புகை நட்டக் குத்தலாக மேலே போயிற்று. வண்டியை நிறுத்திப் பலகையைக் கழற்றினார். குழாயின் வாயில் நீல நிறப் பாலித்தீன் உறை. அதன்மேல் சணல் கயிறு மூன்று சுற்று, போதாததற்கு ரப்பர் பேண்ட்.

சொரிமுத்து தரையைப் பார்த்தார். அந்த முடிச்சு யாருடையதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அது நான்தாம்மா கட்டுனேன்" என்றார் நம்பிராஜன். குரல் பாதியாக இறங்கிவிட்டது. "ரெண்டு கொழாய் இருந்துது. ஒண்ணு எஞ்சினுக்குன்னு தெரியும், அதத் தொடல. இது சும்மா வாயத் தெறந்துட்டு இருந்துதா, சாரல் உள்ள போயிருமேன்னு..."

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வருஷம் சீசனுக்குச் சீசன் குற்றாலம் மெயின் அருவியில் பந்தோபஸ்து பார்த்தவர். வயர்லெஸ், டைரி, தொப்பி, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று எல்லாவற்றையும் பாலித்தீனில் கட்டியே காப்பாற்றிய கை அது. ஆனி பிறந்தால் தானாகவே உறையைத் தேடும்.

"மழ போகாதுன்னு கட்டுனீய, காத்தும் போகலயே" என்றார் ரூபி. குரலில் ஏச்சு இல்லை. "மூக்கப் பொத்திக்கிட்டு மூடையத் தூக்குன்னா யாரால முடியும்? தண்ணி உள்ள போனா, கீழ ஒரு அடைப்பான் இருக்கு, தெறந்து வடிச்சிட்டாப் போதும்." அடைப்பானை இரண்டு பேருக்கும் தொட்டுக் காட்டினார். உறையை அவிழ்த்து, எஞ்சினைக் கிளப்பி மறுபடி பத்தியைக் காட்டியபோது புகை வளைந்து குழாய்க்குள் ஓடியது.

"நானே ஓட்டிப் பாத்துருதேன்" என்று நம்பிராஜன் வேட்டியை மடித்துக்கட்டினார்.

"தெனமும் ஓட்டுதவருதான் ஓட்டணும் அண்ணாச்சி."

சொரிமுத்து ஏறினார். பின்னால் ரூபி, இழுவைப் பெட்டியில் நாலு மூட்டை. லோ கியரில் சரிவேறி இறங்கினார்கள், ஒருமுறை அல்ல, மூன்று முறை. நம்பிராஜன் கீழேயே நின்று மூக்கை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். மழைநனைந்த மண்வாசம் தவிர ஒன்றும் வரவில்லை.

வண்டி வந்து நின்றது. ரூபி கையுறையைக் கழற்றி மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். அவர் வாய்க்குள்தான் எண்ணினார். சொரிமுத்து வாய்விட்டே எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ரூபி எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார். நம்பிராஜன் வழக்கம்போல் கையை நீட்டினார். ரூபி சாவியைச் சட்டையில் துடைத்து, சொரிமுத்துவின் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு அந்த நீல உறையை நாலாக மடித்து, இன்னும் நீட்டியபடியே இருந்த நம்பிராஜனின் கையில் வைத்தார்.