மூன்று இழுப்பு

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. அன்று ஒரு பகல் முழுக்க என் கூட்டாளி ஹிஸ்கியாவிடம் கெஞ்சியே அலுத்துவிட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நமீப் பாலைவனத்தில் யுரேனியம் தேடும் வேலை எங்களுக்கு. பெயர்தான் பெரிது, மற்றபடி நடையோ நடை. ஹிஸ்கியா அளவுக்கயிற்றின் ஒரு முனையோடு முன்னால் போவான். மறுமுனையும் கதிர்வீச்சை அளக்கும் கருவியும் என்னிடம் இருக்கும். கடலிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் எங்கிருந்து கத்துகிறான் என்றே தெரியாது. அப்போது கயிறுதான் பேச்சு. ஒருமுறை இழுத்தால் நில், இருமுறை இழுத்தால் வா.

அன்று காலை டிரைவர் ஃபானுவேல் மாமா எங்களை இறக்கிவிட்டார். சாயங்காலம்தான் வருவார். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். யாரையும் தொட விடமாட்டார்.

“யாருக்கு மாமா அது? சின்ன வீட்டுக்கா?” என்றான் ஹிஸ்கியா.

“வாய மூடிட்டு இறங்குடா.”

வண்டி போன பிறகுதான் பார்த்தோம். எங்கள் தண்ணீர்க் கேன் ஓட்டை. மிஞ்சியது என் இடுப்பில் இருந்த ஒரு பாட்டில்தான். வெயில் ஏறினால் கொளுத்திவிடும்.

“நம்ம ரெண்டு பேரு உசுரும் உன் இடுப்புலதான்டா இருக்கு. தொட்டுறாத,” என்றான்.

ஏழரை மணிக்குப் பனி மூடியது. கயிறு இருமுறை இழுபட்டது. போனேன். மறுபடி இருமுறை. மறுபடி போனேன்.

அப்புறம் மூன்று முறை...

விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

மறுபடி மூன்று. வேகமில்லை. தெம்பில்லாதவன் இழுப்பதுபோல.

“ஹிஸ்கியா!”

கயிற்றைப் பிடித்தபடியே நடந்தேன். கருவி, டிக்... டிக்... பிறகு நின்றுவிட்டது. அந்தப் பாறைகளின் மேல் அது வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

கயிறு விறைப்பாக இருந்தது.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்... வறண்ட மூச்சு.

மடக்... மடக்...

கயிறு தொய்ந்து விழுந்தது.

முனையில் யாருமில்லை.

“எங்கடா போன?” ஹிஸ்கியாவின் குரல். எனக்குப் பின்னாலிருந்து! “ஒதுங்கப் போறேன்னு கயித்தப் போட்டு எவ்ளோ நேரமாச்சு. உன்னத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

இடுப்பு லேசாக இருந்தது. பாட்டிலை எடுத்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஹிஸ்கியா என் உதட்டையே பார்த்தான்.

“குடிச்சிட்டியா?”

“சத்தியமா இல்லடா.”

பாலைவனத்தில் கூட்டாளியின் தண்ணீரைக் குடித்தவனை மனிதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். பனி விலகியது. பாறை நிழலில் நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்தோம். அவன் என்னோடு பேசவே இல்லை. தாகத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மாலையில் மாமா வந்தார். வண்டியில் இருந்த கேனை ஆளுக்கொரு பக்கமாகக் காலி செய்தோம். பிறகு நடந்ததைச் சொன்னேன். ஹிஸ்கியா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாமா வண்டியை நிறுத்தினார்.

“மூணு தரமா இழுத்தான்?”

“ஆமா மாமா.”

“அந்தக் காலத்துல மூணு இழுத்தா, தண்ணி கொண்டான்னு அர்த்தம். இதே இடம்தான். என் ஜோடி ஏலியாஸ் இழுத்துக்கிட்டே இருந்தான். நான் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? இருந்த தண்ணிய நானே குடிச்சிருந்தேன். கயித்தப் போட்டுட்டு ஓடிட்டேன். நாலாம் நாள்தான் கண்டுபிடிச்சோம். ஒரு முனை அவன் கையில. இந்த முனையில ஆளே இல்ல... ஆனா கயிறு விறைப்பாத்தான் நின்னுச்சு.”

ஹிஸ்கியா மெதுவாக என் தோளில் கை வைத்தான்.

“அப்ப அந்த பாட்டில்...” என்றேன்.

“அவனுக்குத்தான். காலையிலதான் ரொப்பினேன்.”

மூவரும் முன்கண்ணாடிக்குக் கீழே பார்த்தோம்.

மூடி இறுக்கமாக இருந்தது. பாட்டில் காலி.