வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. காடு வெட்டி ஊர் அமைத்தவர், அந்த ஊர்ச் சபையின் முதல் தலைவர் என்று மட்டும் எழுதி இந்த நினைவு மலரை உங்கள் கையில் தந்திருக்கலாம். அது பொய்யாகாது. ஆனால் அப்படி எழுத வேண்டாம் என்று சொன்னவர் அப்பாவேதான்.

அப்பா கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தோட்டங்கள் கைமாறிய பஞ்சக் காலத்தில், மரவள்ளியும் கிடைக்காமல் பிள்ளைகள் வாடியபோது, சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வடக்கே வன்னிக்குப் போனார். காட்டை வெட்டி, கிணறு தோண்டி, குடிசை போட்டார்கள். எங்கள் மூத்த அண்ணனைச் சிறு வயதிலேயே காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததும் அங்கேதான். மகனைப் புதைத்த மறுநாளே அப்பா கோடரியைத் தூக்கினார் என்று அம்மா சொல்வார். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் கேட்டு அவர் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. மக்கள் ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அவரோடு மரம் வெட்டியவர்களில் ராக்காயி அம்மாவும் அவர் கணவரும் இருந்தனர். தோட்டத்தில் கக்கூசு கழுவும் வேலை பார்த்த குடும்பம். காணி பிரித்த அன்று கூட்டத்தில் அப்பா சொன்னது இது: "வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க. அவுங்க அந்தப் பக்கம் இருக்கட்டும். கிணத்துக்கும் வர வேணாம்."

"காடு வெட்டுறப்ப ஒரே பானையிலதானே கஞ்சி குடிச்சோம், தலைவரே?" என்று ராக்காயி அம்மா கேட்டாராம். காணி அப்படியேதான் பிரிக்கப்பட்டது.

அந்தப் பக்கம் யானை வரும் வழி. முதல் மழைக்காலத்திலேயே யானை அடித்து அவர் கணவர் இறந்தார். அப்பா இரங்கல் கூட்டம் வைத்து உருக்கமாகப் பேசினார். காணியை மட்டும் மாற்றித் தரவில்லை. ராக்காயி அம்மா கைக்குழந்தையோடு கண்டி மஹய்யாவவில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

பிறகு யுத்தத்தில் ஊரே சிதறியது. நாங்கள் கண்டிக்கு வந்து சேர்ந்தபோது, வன்னியிலிருந்து வந்த ஒரு தலைவருக்கு வீடு கொடுத்தால் பொலிஸ் சந்தேகப்படும் என்று எல்லோரும் பயந்தார்கள். உறவினர்களும்தான். கதவைத் திறந்தவர் ராக்காயி அம்மா.

"உள்ள வாங்க தலைவரே. பிள்ளைங்க நனையுதுங்க."

பல மாதம் அவர் சமைத்ததைத்தான் சாப்பிட்டோம். அப்படியிருந்தும், பின்னாளில் என் கலியாணத்துக்கு அவர் வந்தபோது அப்பா அவரைப் பந்தியில் உட்காரச் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தனுப்பினார். இதை எழுதக் கை கூசுகிறது.

பக்கவாதம் வந்து அப்பா படுத்த பிறகு, அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ராக்காயி அம்மாவின் மகன் கருப்பையா அண்ணன்தான். ஒருநாள் ராக்காயி அம்மா கஞ்சி கொண்டுவந்தார். அப்பா நாக்குக் குழற, "ராக்காயி, அந்தக் காணி…" என்று தொடங்கினார்.

"இப்ப எதுக்குங்க அது? ஆறிப்போகும், குடிங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் போன பின் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். "நான் போனா மலர் அடிப்பீங்க. காடு வெட்டினத மட்டும் போட்டுறாத. வெக்கமா இருக்கு," என்றார்.

எழுதலாமா என்று ராக்காயி அம்மாவிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "எழுது தாயி. ஆனா எம் புருசன் பேரயும் போடு. அந்த ஊர்ல அவரு பேரு ஒரு எடத்துலயும் இல்ல."

அப்பாவின் நோயிலும் இறுதிக் கிரியையிலும் துணை நின்ற மருத்துவர், தாதியர், அயலவர், உறவினர் எல்லோருக்கும் எங்கள் நன்றி. ராக்காயி அம்மாவுக்கும் கருப்பையா அண்ணனுக்கும் நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டா என்று தெரியவில்லை. தலைகுனிந்து நிற்கிறோம்.

அந்த ஊரை உண்டாக்கியவர்களில் ஒருவர் பெயர் மாரிமுத்து.